தப்புக்கு விட்ட எட்டு மணிகள்

தெருவில் அவளுக்கு அரை இஞ்ச் என்று பெயர். முகத்துக்கு நேராக என்றால் அரை இஞ்ச் அக்கா. முதுகுக்குப் பின்னால் அந்த அக்காவும் கிடையாது. மருந்துக்கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடி இடத்தில் முப்பத்து நாலு வருஷமாகத் துணி ஆல்ட்டர் செய்கிறாள். புதிதாக ஒரு கைக்குட்டைகூடத் தைக்க மாட்டாள். ஊரில் மற்றவர்கள் தைத்துக் கெடுத்ததைச் சரிபண்ணவே ஒரு ஜன்மம் பத்தவில்லை, இதில் புதிது வேறா என்பாள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், ஒரு பேங்க் மேனேஜரால் வந்தது. பேண்ட் கோணலாக இருக்கிறது என்று அவர் சண்டைக்கு வந்தார். பேண்ட் கோணல் இல்லை, ஆள்தான் கோணல் என்று இவள் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? கடையில் நாலு பேர் நிற்கும்போதே டேப்பை வைத்து, அவருடைய இடது கால் வலது காலைவிட அரை இஞ்ச் குட்டை என்று நிரூபித்தாள். பாவம், அந்த மனுஷன் ஐம்பது வயசு வரைக்கும் அது தெரியாமல் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தவர். அன்றையிலிருந்து சாய்ந்து சாய்ந்து நடக்கிறார் என்று கேள்வி.

அப்படிப்பட்ட பொம்பளை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் குறை சொல்ல ஒருத்தனுக்கும் வாய் கிடையாது. வாய் அவளிடம்தான் இருக்கிறது. ரெடிமேட் துணியைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே பிரித்துப் பார்த்தால் தையலை ஒட்டியே கத்தரித்திருப்பான். ஒரு நூல் துணி விட்டிருக்க மாட்டான். மனுஷ உடம்பு இன்றைக்கு இருப்பதுபோல நாளைக்கு இருக்குமா, பெருக்கும், சிறுக்கும், உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத் தைத்தால் குடியா முழுகிவிடும், நாளைக்குப் பிரித்து விட்டுக்கொள்ளலாமே என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே பாட்டு. வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையோடு அவள் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் அம்மா. அம்மா கடைசிக் காலத்தில் தங்கை வீட்டில்தான் இருந்தாள். தங்கைக்குக் கல்யாணம் இல்லை; பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவையும் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் மதியம் அக்காவுக்குப் போன் செய்து, அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, ஆனால் அவசரம் இல்லை, நாளைக்கு வந்தால் போதும் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு அம்மா போய்விட்டாள். அக்கா போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கை சில்லிட்டுக் கிடந்தது. வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், எங்கம்மாவ என் கண்ணுல காட்டாம அனுப்பிட்டியே என்று தங்கையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். தங்கை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதோடு சரி. அதற்கப்புறம் போன் இல்லை, போக்குவரத்து இல்லை.

போக்குவரத்து இல்லை என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மாசம் ரெண்டு தடவை நடைபயிற்சி என்று கிளம்பி நேராக மச்சினி வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். சரியான கல்லுளிமங்கன். கேட்டால் ஒன்று சிரிப்பார், இல்லையென்றால் காது கேட்காத மாதிரி நிற்பார். பஸ்ஸில் முப்பது வருஷம் பின்னாலிருந்து கத்தினவர்களைப் பொறுத்துக்கொண்டவர், பெண்டாட்டி கத்துவதா அவரை அசைக்கும்.

அவர் மூலமாகத்தான் சேதி எல்லாம் சொட்டுச் சொட்டாக வந்தது. தங்கை புத்தர் வழிக்குப் போய்விட்டாள். தியானக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். மரமணி மாலை ஒன்று வைத்துக்கொண்டு மந்திரம் சொல்கிறாள். ஒரு லட்சம் தடவை சொல்லி முடிக்க வேண்டுமாம். இப்படி ஒவ்வொன்றாக வரும்போதெல்லாம், செய்யுறத செஞ்சுட்டு மணி உருட்டுனா சரியாப் போச்சா என்று இவள் மிஷினை ஓங்கி மிதிப்பாள்.

போன திங்கட்கிழமை அந்த மனுஷன் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வந்தார். டப்பா குலுங்கியது. திறந்து பார்த்தால் சோறு இல்லை, மணிகள். பழுப்பு மரத்தில் கடைந்த சின்னச் சின்ன மணிகள், கூடவே பெரிய மணி ஒன்று, ஒரு குஞ்சம், அறுந்த கயிறு. மச்சினியின் மாலை. கையில் வாங்கிச் சும்மா பார்த்தாராம், அறுந்துவிட்டதாம். தானாக அறுந்ததா, இவர் அறுத்தாரா என்பது அவருக்கும் அந்தக் கயிற்றுக்கும்தான் வெளிச்சம்.

கூடவே ஒரு இடியையும் இறக்கினார். தங்கை வியாழக்கிழமை நாலு மணி வேனில் மலைமேல் இருக்கிற தியான வீட்டுக்குப் போகிறாள். மூன்று வருஷம், மூன்று மாசம், மூன்று நாள். அதுவரைக்கும் வெளியே வர முடியாது, யாரும் போய்ப் பார்க்க முடியாது, போன் கிடையாது, பாதி நாள் மௌனம்.

அவள் ஒரு மணியை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வாய் வேறு மாதிரி பேசியது. மூணு வருஷமா நானும் அவளும் மௌனமாத்தானே இருக்கோம், இதுக்கு மலையேறணுமாக்கும் என்றது. எனக்கு அறுபத்தொன்று முடிகிறது, அவள் இறங்கி வரும்போது நான் இருப்பேனோ இல்லையோ என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மணிகளை ஒரு தட்டில் கொட்டினாள். கோர்த்துத் தர மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. புருஷன் அதைக் கவனித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

கோர்க்க உட்கார்ந்தால் ஆயிரம் சந்தேகம். அவள் எதையும் அளவு தெரியாமல் தொட மாட்டாள். இந்தப் பெரிய மணி எதற்கு என்று கேட்டாள். அதுதான் குரு மணியாம், ஒரு சுற்று முடிந்து அதனிடம் வந்தால் தாண்டக்கூடாதாம், மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகணுமாம் என்று புருஷன் சொன்னார். நன்றாக இருக்கிறது, குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பது இதுதான் போலிருக்கிறது என்றாள். ஏன் மரமணி, பாசி, பளிங்கு எல்லாம் இல்லையா என்றாள். மரம் எந்த மந்திரத்துக்கும் ஆகுமாம், தவிர, மரம் ஒரு நாள் தேய்ந்து போகும், கயிறு அறுந்து போகும், எதுவும் நிலைக்காது என்று கையிலேயே ஞாபகம் இருக்கட்டும் என்பாளாம் மச்சினி. ஞாபகப்படுத்தத்தான் நீங்க இருக்கீங்களே, கைய வெச்சதும் அறுந்துச்சே என்று அதற்கும் ஒரு வெட்டு.

எண்ணிப் பார்த்தாள். பெரிய மணியைத் தள்ளிவிட்டு நூற்று எட்டு. அந்த நூற்று எட்டு எதற்கு என்று கேட்டாள். மனசில் இருக்கிற அழுக்கு நூற்று எட்டு வகையாம் என்று அவர் இழுத்தார். சரி, ஒரு சுற்று போனால் எத்தனை என்று எழுதிக்கொள்கிறாள் என்று கேட்டாள். அதில்தான் வந்தது வினை. மனுஷன் யோசித்துப் பார்த்து, ஒரு சுற்றுக்கு நூறு என்றுதான் நோட்டில் எழுதுவாள், நானே பார்த்திருக்கிறேன் என்றார்.

நூறு என்றால் நூறுதானே இருக்க வேண்டும்? மிச்சம் எட்டு எதற்கு? அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. புதுச் சட்டையோடு ஒரு சின்ன கவரில் ரெண்டு பட்டன் உபரியாகப் போட்டுத் தருவார்களே, அது. தொலைந்தால் போட்டுக்கொள்ள. அந்தத் தத்தி, உபரியைத் தனியாக எடுத்து வைக்கத் தெரியாமல் அத்தனையையும் சேர்த்துக் கோர்த்து வைத்திருக்கிறாள். எதிலும் ஒரு ஒழுங்கு கிடையாது. அம்மா விஷயத்திலும் இப்படித்தான்.

சரியாக நூறு மணி கோர்த்தாள். தோல் பை தைக்கிற மெழுகு நூலை மூன்று இழையாக முறுக்கி, ஒவ்வொரு மணியையும் துணியில் துடைத்து, யானை கட்டி இழுத்தாலும் அறாதபடி முடிச்சுப் போட்டாள். ஒரு நாள் முழுக்க அதற்கே போயிற்று; ரெண்டு கோட்டும் ஒரு திரைச்சீலையும் காத்துக் கிடந்தன. மிச்ச எட்டு மணியையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, நீலக் காகிதத்தில் 'உபரி 8' என்று எழுதி, பின் அடித்து, புதன்கிழமை காலை புருஷனிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா என்று அவர் வாசலில் நின்று கேட்டார். அதான் வேலை பேசுமே என்றாள்.

வேலை பேசியது. என்ன பேசியது என்பது வியாழக்கிழமை மதியம் தெரிந்தது.

மதியம் ரெண்டேகால் இருக்கும். மருந்துக்கடைக்காரர் கோட்டுக்குக் கையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் தங்கை. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அக்காவின் கண் முதலில் போனது அவள் சட்டையின் தோள்பட்டைக்கு. தையல் ஒன்றரை இஞ்ச் கீழே இறங்கிக் கிடந்தது. துணி தானாகப் பெருக்காது. ஆள்தான் அவ்வளவு இளைத்திருக்கிறாள். பின்னாலேயே அந்தக் கல்லுளிமங்கன், சாவிக்கடை நிழலில் யாரோ மாதிரி நின்றுகொண்டு.

வா என்று சொல்ல வாய் வரவில்லை. உட்காரச் சொல்ல இடமும் இல்லை. ஸ்டூலில் துணி குவிந்திருந்தது. தங்கையே துணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், நேற்றுத்தான் வந்து போனவள் மாதிரி. பையிலிருந்து மாலையை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். பக்கத்தில் அந்தக் கவரை வைத்தாள்.

"அக்கா, ரொம்ப நல்லா கோர்த்திருக்கே. ஆனா இந்த எட்டையும் சேர்த்துக் கொடுக்கா. நாலு மணிக்கு வேன்."

முப்பத்து நாலு வருஷத்தில் செய்து கொடுத்த வேலை ஒன்றைக்கூட அவள் பிரித்துத் திரும்பச் செய்ததில்லை. அந்த பேங்க் மேனேஜர் பேண்ட்கூட அப்படியேதான் போயிற்று. அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. நூறுன்னு எழுதிக்கிறவளுக்கு நூறு மணி போதாதா, எண்ணத் தெரியாதவளா நீ என்று, மூன்று வருஷம் கழித்துத் தங்கையிடம் பேசிய முதல் பேச்சே சண்டையாகத்தான் வந்தது.

தங்கை கோபப்படவில்லை. அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் இவளுக்கு இன்னும் எரிச்சல்.

"நூத்தியெட்டு உருட்டுவோம்க்கா. கணக்குல நூறுன்னுதான் வெச்சுக்குவோம். நடுவுல மனசு எங்கயாவது ஓடியிருக்கும், வாய் குளறியிருக்கும், ஒண்ணு ரெண்டு மணி சொல்லாமயே நகர்ந்திருக்கும். அதுக்குத்தான் அந்த எட்டு. தப்பு வரும்னு தெரிஞ்சே விட்டு வெச்சது."

"அப்ப ஒரு லட்சத்துக்கு எட்டாயிரம் தப்பா?"

"வரும்லக்கா. மனுஷங்கதானே."

அரை இஞ்ச் வாயைத் திறந்தாள். தப்பு வருவதற்கு முன்னாலேயே அதற்கு இடம் விட்டு வைப்பது என்ன நியாயம் என்று கேட்கத்தான் திறந்தாள். கேட்பதற்குள் கையிலிருந்த கோட்டின் உள்பக்கம் கண்ணில் பட்டது. நல்ல தையல்காரன் தைத்த கோட்டு. தையலுக்கு உள்ளே ரெண்டு விரல் துணி விட்டிருந்தான். காலையில்தான் அதைப் பார்த்து, இவனல்லவா மனுஷன், நாளைக்கு நடக்கப்போவதை நினைத்துத் தைத்திருக்கிறான் என்று மருந்துக்கடைக்காரரிடம் அரை மணி நேரம் புகழ்ந்திருந்தாள். தன் பேச்சே தன் முகத்தில் வந்து அறைந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஊரில் இருக்கிற துணிக்கெல்லாம் உள்ளே இடம் விடச் சொல்லி உபதேசம் செய்தவள், கூடப் பிறந்தவளுக்கு ஒரு நூல் விட்டு வைக்கவில்லை.

கோட்டைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்தாள். தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்துத் தன் முடிச்சைத் தானே அறுத்தாள். அந்த முடிச்சு லேசில் விடவில்லை. நூல் முறுக்கினது யாரு, நானாச்சே என்று அதையும் திட்டினாள். மணிகள் தட்டில் உதிர்ந்தன. கவரைக் கிழித்து எட்டையும் கொட்டினாள். மறுபடியும் ஊசி, மறுபடியும் மெழுகு நூல். இந்தத் தடவை கொஞ்சம் தளர விடு, மணி நகர இடம் வேணும் என்று தங்கை சொன்னாள். அதையும் இப்பத்தான் சொல்றா பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே தளர விட்டாள்.

கை வேலையில் இருக்கும்போதுதான் அவளுக்கு உண்மை பேச வரும். அறுபதாவது மணி, அறுபத்தோராவது மணி என்று போய்க்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு, இன்னிக்கே வரணுமான்னு நான்தானே கேட்டேன்?"

தங்கை மடியில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கேட்டே."

அதுதான் விஷயம். மூன்று வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு ஹோட்டல் ஆட்களுக்குப் பன்னிரண்டு யூனிஃபார்ம் ஆல்ட்டர் செய்து முடிக்க வேண்டியிருந்தது. தங்கை போன் செய்து அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றதும் இவள் கேட்ட முதல் கேள்வி, இன்னிக்கே வரணுமா, நாளைக்கு வந்தா பத்தாதா? அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அவள், சரிக்கா, அவசரம் இல்ல, நாளைக்கே வா என்றாள். வர நினைத்தவள் கேட்டிருப்பாளா? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பாள். அது இவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை பேர் முன்னால் அத்தனை சத்தம்.

"இத ஏன்டி நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லல? உங்க மாமாகிட்டகூட சொல்லல. நான் உன்ன அப்படிப் பேசுனப்பகூட வாயத் திறக்கல."

"சொல்லி? அம்மா எந்திரிச்சு வரப்போறாளா? நானும் அம்மா உடம்பு ஒரு நாள் தாங்கும்னுதான்க்கா நெனச்சேன். ரெண்டு பேரும்தான் தப்பாக் கணக்குப் போட்டோம்."

அக்கா அடுத்த மணியை எடுத்தாள். கண் கலங்கினால் ஊசி முனை தெரியாது, அதற்காகவே கலங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோர்த்தாள். நூறு ஆயிற்று. நூற்று ஒன்று. சாவிக்கடை வாசலில் புருஷன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இங்க என்ன பார்வை, போயி வேன் வந்துச்சான்னு பாருங்க என்று ஒரு விரட்டு விரட்டினாள். நூற்று எட்டையும் போட்டு, குரு மணியைக் கோர்த்து, குஞ்சத்தைக் கட்டி, முடிச்சை மெழுகால் தேய்த்தாள். மணி மூன்று ஐம்பது.

மாலையைக் கொடுப்பதற்கு முன்னால் தங்கையை எழுப்பி நிற்கவைத்து, தொங்கிக் கிடந்த அந்தத் தோள்பட்டையை ரெண்டு பக்கமும் பிடித்து நாலு தையல் போட்டாள். மூணு வருஷம் இப்படி கோமாளி மாதிரியா நிக்கப்போறே, அங்க சோறு போடுவாங்களா இல்ல காத்துதானா என்று கேட்டுக்கொண்டே போட்டாள். தங்கை சின்னப் பிள்ளை மாதிரி அசையாமல் நின்றாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. தங்கை மாலையை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தாள். மணிகள் லேசாக நகர்ந்தன. கடைசி எட்டில் வந்து விரல் நின்றது.

"இந்த எட்டையும் நான் அந்த ஒரு போனுக்குத்தான்க்கா உருட்டுறேன். மூணு வருஷமா அப்படித்தான். நாலு எனக்கு, நாலு உனக்கு."

ஆக, அக்காவின் தப்பும் அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, திட்டு வாங்கிக்கொண்டே, தினமும் அக்காவின் பங்கையும் சேர்த்து உருட்டியிருக்கிறாள். அரை இஞ்ச் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்தது உடைந்து, கன்னம் ரெண்டும் நனைந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எனக்கு நாலு பத்தாதுடி," என்றாள்.

தங்கை மாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அப்ப எட்டையும் நீயே வெச்சுக்கக்கா. இனிமே எட்டும் உனக்குத்தான்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. அந்த வேன் அன்றைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் கிளம்பியது, ஏனென்றால் அக்கா அவள் கையை விடவில்லை.